பின்னோக்கிப் போட்ட நாற்காலி

சந்தேகப்படுவது எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம். சின்ன வயதிலேயே அம்மா என்னை மீன் வாங்க அனுப்பமாட்டார். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால் நான் கண்ணைக் காட்டச் சொல்வேன். கண்ணைக் காட்டினால், ஐஸ் நேற்றையதா இன்றையதா என்று கேட்பேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அவருடைய மோட்டார் சைக்கிள் நிற்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று அம்மா ரொம்ப நாள் புலம்பினார்.

எண்பதுகளின் நடுவில் கோலா சிலாங்கூரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். என் குணத்துக்கு அந்தக் கடை நல்ல பள்ளிக்கூடமாக அமைந்தது. விசாரித்து வாங்குகிறவருக்கு ஒரு கயிறு, விசாரிக்காமல் வாங்குகிறவருக்கு இன்னொரு கயிறு என்று அங்கே இரண்டு வகை இருந்தன. கடையின் சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் கெட்டவர் இல்லை. பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், எனக்குக் காய்ச்சல் என்றால் தன் காரிலேயே கொண்டுவந்து விடுவார். ஆனால் கயிறு இரண்டு வகை இருந்தது உண்மை.

அந்தத் தவுக்கே ஒரு விடுமுறைக்குப் பினாங்கு போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து ஆள் சரியில்லை. அங்கே கடற்கரையில் ஒரு படகு கயிற்றைக் கட்டி இழுக்க, முதுகில் பாராசூட் மாட்டிய ஆள் மணலில் நாலு எட்டு ஓடி அப்படியே வானத்தில் ஏறிப்போவதைப் பார்த்திருக்கிறார். அதையே நம் ஊரிலும் செய்யவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். நம் ஊரில் மணல் எங்கே இருக்கிறது? தண்ணீர் வற்றினால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சேறு. ஓடினால் முழங்கால் வரை புதையும். அதைச் சொன்னேன். அவர் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து வெட்டிய படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஒரு படகின் பின்தளத்திலிருந்தே ஆள் எழும்பிக்கொண்டிருந்தார். கரையே தேவையில்லை.

அந்தப் படத்தை வைத்துத்தான் எங்கள் படகு பிறந்தது. படத்தில் படகின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. தெரியாத பக்கத்தில் என்ன இருக்கும் என்று கேட்டேன். இதே மாதிரிதான் இருக்கும் என்றார் தவுக்கே.

ஆற்றுக்கு அக்கரையில் படகு கட்டும் பட்டறை ஒன்றில் பழைய மீன்பிடி போட்டை மேலே ஏற்றி வேலையை ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் தவுக்கே அங்கே போவார், கடைச் சாமான்களுக்குக் கணக்கு வைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மீன் போட்டில் ஓட்டுகிறவரின் அறை பின்பக்கம் இருந்தது. கயிறு பின்புறமாக வானத்துக்குப் போகும்போது குறுக்கே கூரை நிற்கக்கூடாது என்று அதை அறுத்து முன்பக்கம் கொண்டுபோனார்கள். பின்பாதி முழுவதும் கைப்பிடிக் கம்பிகூட இல்லாத மொட்டைத் தளம். ஆள் அங்கிருந்தே எழும்பி அங்கேயே இறங்கவேண்டும் என்பதால், ஓர் ஆணித்தலைகூடக் காலில் படாதபடி பலகையை இழைத்தார்கள். படகின் நடுவில் கயிறு சுற்றும் உருளை, அதற்குப் பின்னால் தலையில் கப்பி வைத்த ஓர் இரும்புத் தூண். கயிற்றைப் படகின் வாலிலேயே கட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். படகோட்டி ஒரு மலாய் மீனவர், பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வாலைப் பிடித்துக்கொண்டு மாட்டைத் திருப்ப முடியுமா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். இழுப்பு நடுவில் இருந்தால்தான் படகு சொன்ன பக்கம் திரும்புமாம். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பட்டறையில் எனக்குப் பிடித்திருந்த பதில் அது ஒன்றுதான்.

ஊரும் என்னைப் போலச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. வலையில்லாத படகுக்கு எதற்கு உருளை, மீன் பிடிக்காத படகுக்கு எதற்கு லோரி இஞ்சின் என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து சிகரெட் கடத்தப் போகிறார் என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். ஒருநாள் போலீஸ்காரர்கள் வந்து படகைச் சுற்றிப் பார்த்தார்கள். தவுக்கே படத்தைக் காட்டி விளக்கினார். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். கடத்தல் இல்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உருளையும் பிரேக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ஈயச் சுரங்கத்திலிருந்து வந்தன. ஈய விலை விழுந்து, குட்டையில் மிதந்துகொண்டே மண்ணைத் தோண்டும் பெரிய கப்பல்கள் அங்கே ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. உடைத்து விற்ற சாமானில், உருளையும் பிரேக்கும் சேர்ந்த கயிறு இழுக்கும் ஒரு சின்ன வின்ச்சைத் தவுக்கே வாங்கினார். அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டுமே. என் அண்ணன் அந்தக் கப்பல்கள் ஒன்றில் வின்ச்சுக்காரராக இருந்தவர். கப்பலை நாலு பக்கமும் கரையோடு பிடித்துவைத்திருக்கும் கம்பிக் கயிறுகளை இழுப்பதும் விடுவதும் அவர் வேலை. வேலை போனதும் கம்பெனிக் குடியிருப்பைக் காலி செய்து, முழுகாமல் இருந்த அண்ணியோடு எங்கள் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டார். காலையில் எழுந்து குளித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் தவுக்கேயிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

முதல் ஓட்டத்துக்கு மணல் மூட்டையைக் கட்டினார்கள். பாராசூட்டை நாங்கள் குடை என்போம். பினாங்கில் ஒருவர் ஓட்டி முடித்த பழைய குடை அது, ஆரஞ்சும் வெள்ளையும் கலந்தது, ஒட்டுப் போட்டது. படகு காற்றுக்கு எதிரே போகும்போது இரண்டு ஆட்கள் பின்தளத்தில் குடையின் விளிம்பைத் தூக்கிப் பிடிக்க, அது உப்பிக்கொண்டு எழும்பியது. பாதி காற்றின் வேலை, பாதி இஞ்சின் வேலை. அண்ணன் பிரேக்கைத் தளர்த்தத் தளர்த்த மூட்டை ஏறியது. அதே இஞ்சின்தான் பெல்ட் போட்டு வின்ச்சையும் சுற்றியது. மூட்டை பத்திரமாகத் திரும்பி வந்தது. தவுக்கே கைதட்டினார். மணல் மூட்டை வாயைத் திறந்து எதையும் சொல்லப்போவதில்லை என்பது மட்டும் எனக்குப் பட்டது.

பிறகு ஆள் தேடினார்கள். கனமான ஆளைத் தூக்க அந்த இஞ்சின் திணறும் என்று பாக்சிக் சொல்லியிருந்தார். திறப்பு நாளில் தவுக்கேயின் நண்பர்கள் முன்னால் எடை குறைந்த ஆள் ஒருவர் போய்வரவேண்டும். கடையில் சாமான் நிறுக்கிற தராசுக்கு எதிரேதான் நான் உட்கார்ந்திருப்பேன். தவுக்கே தராசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

என்னைவிடத் தவுக்கேயின் மகள் ஒல்லி. அவளைத் தூக்கலாமே என்று கேட்டேன். அவள் கோலாலம்பூரில் படிக்கிறாளாம், பரீட்சையாம். பரீட்சை எப்போது என்று கேட்டேன். அவர் ஆணிப் பெட்டியை எண்ணப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் அம்மாவின் முன்னாலேயே என்னிடம் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. தனியாகக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். திறப்பு நன்றாக நடந்தால் அவர் வேலை நிரந்தரம் என்று தவுக்கே சொல்லியிருந்ததும் எனக்குத் தெரியும். தன் வேலைக்கு என்னைக் கயிற்றில் கட்டுகிறாரா? கூடப்பிறந்தவரைப் பற்றி அப்படி நினைப்பது எனக்கே கசந்தது. ஆனாலும் நினைத்தேன். அம்மா, பொம்பளைப் பிள்ளைக்குப் பேண்ட் போடவேண்டி வருமா என்றுதான் முதலில் கேட்டார்.

"நான்தான வின்ச்சில நிக்கிறேன். பயப்படாதலா பாப்பா" என்றார் அண்ணன்.

போகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையில் மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு உட்காரும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஆனால் சும்மா போகவில்லை. மிதவைச் சட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்து, தண்ணீர்த் தொட்டியில் அம்மிக் குழவியை மேலே வைத்து அமுக்கினேன். உள்ளே இலவம் பஞ்சு. ஒன்று பஞ்சு ஊறி எழும்பவே இல்லை, அதைத் தவுக்கேயின் மேசையில் சொட்டச் சொட்ட வைத்தேன். எழும்பி வந்ததில் என் அளவுக்கு ஒன்றை எடுத்து உள்பக்கம் மையால் புள்ளி வைத்தேன். கயிற்றை நானே கடையிலிருந்து எடுத்தேன், விசாரிக்கிறவருக்கான கயிறு. ஆளைக் குடையோடு பிணைக்கும் இடுப்பு வாரின் தையலை நகத்தால் கீறிப் பார்த்தேன். சைகைகளையும் நானே வைத்தேன். ஒரு கையைத் தூக்கினால் எல்லாம் சரி, இரண்டு கையையும் விரித்து அடித்தால் உடனே இறக்கு. தவுக்கே, பாக்சிக், அண்ணன் மூவரையும் நிற்கவைத்துத் திருப்பிச் செய்துகாட்டச் சொன்னேன். மற்ற இருவரும் செய்தார்கள். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

திறப்பு நாள் காலையில் தவுக்கேயின் நண்பர்கள் இன்னொரு போட்டில் பக்கத்தில் வந்தார்கள். தவுக்கேயும் அவர்களோடுதான் இருந்தார். ஆற்று முகத்தைத் தாண்டியதும் காற்று இதமாக வந்தது. வாரை மாட்டிக்கொண்டு தளத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். குடை உப்பியது, இடுப்பை யாரோ தூக்குவது போலிருந்தது, பலகை காலைவிட்டுப் போய்விட்டது. கொஞ்சம் மெதுவாக ஏறினேன். திடீரென்று கயிறு சர்ரென்று ஓட, நான் ஒரே தூக்காக மேலே போனேன். பிறகு வெடுக்கென்று நின்றது. பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கீழே பார்த்தேன். அண்ணன் உருளையின் மேல் குனிந்திருந்தார். அவருடைய தலையுச்சி மட்டும் தெரிந்தது.

மேலே சத்தமே இல்லை. என்னால்கூடச் சந்தேகப்பட முடியாத அளவுக்கு அழகாக இருந்தது. ஆறு கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காடு, குன்றின் மேல் கலங்கரை விளக்கம், அதற்கும் பின்னால் செம்பனை, செம்பனை, செம்பனை. எங்கள் தோட்டம் எது என்று கழுத்தைத் திருப்பித் தேடினேன். கழுத்தை இந்தப் பக்கம் திருப்பியபோது கடலின் மேல் மழை வருவது தெரிந்தது. சாம்பல் நிறத்தில், சுவர் மாதிரி, நேராக எங்களை நோக்கி.

இரண்டு கையையும் விரித்து அடித்தேன்.

பாக்சிக் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கீழே இருந்தவருக்கு அந்த மழை வெறும் மூட்டமாகத்தான் தெரிந்திருக்கும். பக்கத்துப் போட்டில் தவுக்கே எழுந்து நின்று எனக்குச் சந்தோஷமாகக் கையாட்டினார். அவருடைய நண்பர்களும் எழுந்து ஆட்டினார்கள். நான் இன்னும் வேகமாக அடித்தேன், அவர்களும் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. ஒரு கையைக் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றால் எதற்கு அத்தனை சைகை?

காற்று வந்துவிட்டது. குடை என்னைப் பக்கவாட்டில் வீசியது. அப்போது கீழே நடந்ததை நான் முழுவதும் பார்த்தேன். கயிறு விறைத்ததும் அண்ணன் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துப் பூட்டினார். ஈயக் கப்பலில் கயிறு விறைத்தால் முதலில் செய்வது அதுதான், பிடித்து நிறுத்திவிட்டுப் பிறகு யோசிப்பது. அதே நேரத்தில் படகைப் பின்னால் ஏதோ இழுப்பது பாக்சிக்குக்குத் தெரிந்தது. கடலில் வலை எங்காவது மாட்டினால் கயிறு படகின் அடியில் சுற்றும் காற்றாடிக்குள் போகாமலிருக்க இஞ்சினை உடனே அணைப்பார்கள். அவர் அணைத்தார். கப்பலில் வின்ச்சுக்குத் தனி மோட்டார் இருந்தது. இங்கே இரண்டுக்கும் ஒரே இஞ்சின். இருவரும் தங்கள் தங்கள் தொழிலில் சரியானதைத்தான் செய்தார்கள். சேர்ந்து செய்ததில் என்னை இறக்குவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. படகின் புகை நின்றது. நான் காற்றில் நின்றேன்.

மழை முகத்தில் அறைந்தது. கீழே பாக்சிக் இஞ்சினை முடுக்குவதும், அது இருமுவதும், அணைவதும் கேட்டது. பலத்த காற்று என்னைக் கீழேயும் விழவிடவில்லை, நேராகவும் நிற்கவிடவில்லை. எனக்குப் பின்னால் சேறும் காடும் இருந்தன, கயிறு அறுந்தால் அங்கேதான் போய் விழுவேன். அண்ணன் ஒரு காலைப் பிரேக்கிலும் ஒரு காலைத் தூணிலும் வைத்து, உடம்பை வளைத்து நின்றார். அப்போதும் அவர் மேலே பார்க்கவில்லை. நான் செத்தாலும் பார்க்கமாட்டார் போல என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் அவர் முகத்தில் விழிக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஒருவழியாகப் புகை மறுபடி வந்தது. பாக்சிக் படகை ஓட்டாமல் இஞ்சினை மட்டும் ஓடவிட்டார். அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். காற்று தளரும்போது இழுப்பார், வீசும்போது நிறுத்துவார். தளத்துக்குக் கொஞ்சம் முன்னால் குடை சரிந்து, நான் கடலில் விழுந்தேன். மிதவைச் சட்டை என்னை மேலே தூக்கியது. குடை பிடிக்கும் ஆட்கள் வாரைப் பிடித்துத் தளத்தில் இழுத்துப் போட்டார்கள். பக்கத்துப் போட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். தண்ணீரில் விழுந்ததும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள்.

உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு நேராக அண்ணனிடம் போனேன். அவருடைய சட்டையைப் பிடித்தேன்.

"அம்புட்டுக் கத்துனேனே. ஏண்ணே ஒரு தடவகூட என்னைப் பாக்கல?"

அவருடைய கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது. 

"ஒரு தடவ பாத்தேன் பாப்பா. நீ ஏறுனதும் பாத்தேன். காலு தானா பிரேக்க விட்ருச்சி. அதுக்கப்புறம் எப்படிலா பாக்குறது?"

ஏறும்போது நான் சர்ரென்று போனது அப்போதுதான்.  சட்டையை விட்டேன். பிறகு அங்கேயே, அத்தனை பேர் முன்னால், ஓவென்று அழுதேன்.

மறுவாரம் படகைத் திரும்பப் பட்டறையில் ஏற்றினார்கள். வின்ச்சுக்குத் தனியாக ஒரு சின்ன இஞ்சின், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கப் பயன்படுத்துகிற மாதிரி, வைக்கவேண்டும் என்று பாக்சிக்கும் அண்ணனும் ஒரே குரலில் சொன்னார்கள். தவுக்கே ஒப்புக்கொண்டார். நான் இன்னொன்று கேட்டேன். உருளைக்குப் பக்கத்தில், பின்பக்கம் பார்த்தபடி, தரையில் அறைந்த ஒரு நாற்காலி. அதில் உட்காரும் ஆளுக்கு வேறு ஒரு வேலையும் கூடாது, மேலே இருப்பவரைப் பார்ப்பது மட்டும்தான். தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டே சம்பளம் வாங்கப் பார்க்கிறாயா என்று கேட்டார். அவருக்கும் சந்தேகம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மேலே இருந்து கையை அடித்துப் பார்த்தவள் நான், நீங்கள் எனக்கு டாட்டா காட்டினீர்கள் என்று சொன்னேன். நாற்காலி வந்தது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடைக்குப் போவதில்லை, அந்த நாற்காலியில்தான் இருப்பேன். கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண் முதலில் போனாள். அவளுடைய புருஷன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையைத் தூக்கினாள், எல்லாம் சரி. அண்ணன் உருளையின் மேல் குனிந்தபடியே, எப்படியிருக்கு என்று கேட்டார். நல்லாயிருக்கு என்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். சைகை ஒன்றும் காட்டவில்லை. காலை மட்டும் ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"எறக்குண்ணே."

சொல்லி முடிப்பதற்குள் வின்ச்சின் நெம்புகோல் விழும் சத்தம் கேட்டது. ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அந்தப் பெண் இறங்கி வந்து, தலை சுற்றியது, கை தூக்க வரவில்லை என்று சொல்லித் தளத்தில் படுத்துவிட்டாள். அண்ணன் கயிற்றை ஒழுங்காகச் சுற்றிவிட்டு அடுத்த ஆளை உட்காரச் சொன்னார். என் பேச்சைச் சரிபார்க்காமல் ஒருவர் எடுத்துக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அடுத்த ஆள் மேலே ஏறியபோது எனக்குக் கண் இமைக்கவே பயமாக இருந்தது.